உணவுண்ணும் வயது: மீன் குடம்பிகளும் ஆய்வுகூடச் சட்டங்களும்

விலங்குகளை ஆய்வுகூடங்களிற் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களின் வரலாறு பெரும்பாலும் நாய், பூனை, குரங்கு ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மக்களின் இரக்கத்தைத் தூண்டியவை அவையே. பாராளுமன்றங்களில் விவாதிக்கப்பட்டவையும் அவையே. ஆயின், ஒரு சட்டத்தின் இயல்பை அறிய விரும்புவோர் அதன் நடுப்பகுதியிலும் பார்க்க அதன் எல்லைகளையே கூர்ந்து நோக்குதல் வேண்டும். சட்டம் எங்கே தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது என்பவற்றிலேதான் அதனை ஆக்கியோரின் சிந்தனை தெளிவாகப் புலப்படும்.

இவ்வகையில், ஏறத்தாழ நான்கு மில்லிமீற்றர் நீளமேயுள்ள ஒரு மீன் குடம்பி நமது கவனத்துக்கு உரியதாகின்றது. சீப்ரா மீன் எனப்படும் சிறு நன்னீர் மீனின் குடம்பி, கருக்கட்டி ஐந்து நாள்கள் நிறைந்ததும் ஐரோப்பியச் சட்டத்தின் கண்ணில் விலங்காகின்றது. அதற்கு முதல்நாள் அது நீந்தியது, தொட்டால் விலகியது, அதன் இதயம் துடித்தது. எனினும் அன்று அது சட்டத்தின் காப்புக்கு உட்பட்டிருக்கவில்லை. இடைப்பட்ட ஓர் இரவில் அதனிடத்து நிகழ்ந்த மாற்றம் யாது? தானே உணவுண்ணும் ஆற்றல் அதற்கு வந்துவிட்டது என்பதே சட்டம் தரும் விடையாகும். இவ்விடை எவ்வாறு உருவாயிற்று, அது எதனைச் சாதித்தது, எதனை மறைத்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முள்ளந்தண்டு என்னும் முதல் எல்லை

விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் சட்டம் பிரித்தானியாவில் 1822 இல் நிறைவேறியது. மாடு, குதிரை, செம்மறியாடு முதலிய பண்ணை விலங்குகளை ஈவிரக்கமின்றி அடிப்பதை அது தடைசெய்தது. உடற்றொழிலியல் அறிஞரின் ஆய்வுமேசை அக்காலத்துச் சட்டம் ஆக்கியோரின் பார்வைக்கு எட்டவில்லை. மசாந்தி, குளோட் பேர்னாட் ஆகியோர் பிரான்சில் வளர்த்த பரிசோதனை உடற்றொழிலியல் இங்கிலாந்திலும் வேரூன்றிய பின்னரே அது பொதுமக்களின் வாதப்பொருளாயிற்று.

1875 இல் இதுபற்றி ஆராய அரச ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. தோமஸ் ஹக்ஸ்லி அதன் உறுப்பினருள் ஒருவர். சாள்ஸ் டார்வின் அதன்முன் சாட்சியம் அளித்தார். ஆயின் ஆணைக்குழுவை அதிர்ச்சிக்கு உள்ளாக்கியது எம்மானுவேல் கிளைன் என்னும் ஆய்வாளரின் சாட்சியமேயாகும். தாம் மயக்கமருந்தைப் பயன்படுத்துவது பெரும்பாலும் தமது வசதிக்காகவே என்றும், பரிசோதனையின்போது விலங்கு படும் துன்பத்தைத் தாம் கருத்திற் கொள்வதில்லை என்றும் அவர் ஒளிவுமறைவின்றிக் கூறினார். மறு ஆண்டு, 1876 இல், உலகிலேயே முதன்முதலாக விலங்குப் பரிசோதனைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிரித்தானியாவில் நிறைவேறியது. ஆய்வாளர் அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். விலங்குக்கு மயக்கமருந்து கொடுத்தல் வேண்டும். மயக்கம் தெளியுமுன் அதனைக் கொன்றுவிடுதல் வேண்டும் என்பன அதன் முதன்மையான விதிகள். தனிச் சான்றிதழ் பெற்றோர்க்கு விதிவிலக்குகளும் இருந்தன.

அச்சட்டத்தின் இருபத்திரண்டாம் பிரிவு மிகச் சுருக்கமானது. முள்ளந்தண்டில்லா விலங்குகளுக்கு இச்சட்டம் ஏற்புடையதன்று என்பதே அதன் பொருள். விலங்குலகை முள்ளந்தண்டு உள்ளவை, இல்லாதவை எனப் பகுக்கும் முறை பிரெஞ்சு அறிஞர் லமார்க்கின் எழுத்துக்களால் நிலைபெற்றது. உயிரினங்களை ஒழுங்குபடுத்தி அறிவதற்கென அமைந்த பாகுபாடு இவ்வாறு இரக்கத்தின் எல்லைக்கோடாகவும் ஆயிற்று. மீன் சட்டத்தினுள் வந்தது எவரும் அதற்காக வாதாடியதனாலன்று. அதற்கு முள்ளந்தண்டு இருந்தமையினாலேயே. எந்த வயதிலிருந்து மீன் மீனாகக் கொள்ளப்படும் என்பதை அச்சட்டம் கூறவில்லை. மீன் முட்டைகளையும் குடம்பிகளையும் ஆயிரக்கணக்கில் ஆய்வுகூடத்தில் வளர்க்கும் காலம் வருமென அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

இதே காலப்பகுதியில் வேறொரு கோட்பாடும் சட்டநூல்களில் இடம்பெற்றது. 1900 இல் பிரித்தானியாவில் நிறைவேறிய ஒரு சட்டம், அடைத்து வைக்கப்பட்டுள்ள பறவை, மீன், ஊர்வன ஆகியவற்றுக்கும் கொடுமை இழைத்தலாகாது என விதித்தது. இலங்கையில் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அடைபட்டுள்ள மீனை விலங்கு என்னும் சொல்லினுள் அடக்கியது. இவற்றுள் மீனுக்குக் காப்பளிக்கும் காரணம் அதன் உடலமைப்பன்று. அது மனிதனிடம் சிறைப்பட்டிருத்தலே காரணமாகும். பரிசோதனைகள் பற்றிய பிற்காலச் சட்டங்கள் இவ்வழியே செல்லவில்லை. ஆயினும் இக்கோட்பாட்டை மனத்திற் கொள்ளுதல் நன்று. முடிவில் இதற்கு மீளவேண்டியிருக்கும்.

ஆய்வுகூடத்தினுள் மீன்

சீப்ரா மீனை அறிவியலுலகுக்கு அறிமுகஞ் செய்தவர் கிழக்கிந்தியக் கம்பனியில் மருத்துவராகப் பணிபுரிந்த பிரான்சிஸ் ஹமில்டன் ஆவர். கங்கையிலும் அதன் கிளையாறுகளிலும் வாழும் மீன்கள் பற்றி அவர் எழுதிய நூல் 1822 இல், முற்குறித்த முதலாவது கொடுமைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில், வெளிவந்தது. அதன்பின் நெடுங்காலம் அம்மீன் வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளின் அலங்காரமாகவே இருந்தது.

அதன் நிலையை மாற்றியவர் புடாபெஸ்டிற் பிறந்து அமெரிக்காவின் ஒறிகன் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய ஜோர்ஜ் ஸ்ரைசிங்கர். முள்ளந்தண்டு விலங்குகளின் பிறப்புரிமையியலை ஆராய்வதற்கு ஏற்ற எளிய உயிரினமொன்றைத் தேடிய அவர், இம்மீனைத் தெரிந்தெடுத்தார். 1981 இல் அவரும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் தோற்றுவாயாகக் கருதப்படுகின்றது. பெண்மீன் ஒரே முறையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளரும். முளையம் கண்ணாடிபோல ஒளிபுகவிடும். ஆதலின் இதயம் உருவாவதையும் குருதி ஓடத் தொடங்குவதையும் விலங்கை அறுக்காமலே நுணுக்குக்காட்டியூடாகக் காணலாம். 1996 ஆம் ஆண்டு திசெம்பரில், யேர்மனியின் ரூபிங்கன் நகரிலும் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலும் நிகழ்ந்த பெரும் ஆய்வுகளின் பேறுகள் 37 கட்டுரைகளாக ஒரே சஞ்சிகையின் ஒரே இதழில் வெளியாயின. 2013 இல் இம்மீனின் முழுப் பரம்பரையலகுத் தொகுதியும் வெளியிடப்பட்டபோது, மனிதனின் பரம்பரையலகுகளுள் ஏறத்தாழ 70 வீதமானவற்றுக்கு ஒப்பானவை இம்மீனிடத்தும் உண்டு என்பது தெரியவந்தது.

எலி, முயல் ஆகியவற்றின் இடத்தை இவ்வாறு மீன் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. மீனின் இடத்தை அதன் குடம்பி எடுத்துக்கொண்டது. அப்போதுதான் முன்னர் எழாத வினா எழுந்தது: குடம்பி விலங்கா?

1986: இரு சட்டங்கள், இரு சொற்கள்

இவ்வினாவுக்குரிய பின்னணியை 1959 இல் வில்லியம் றசல், றெக்ஸ் பேர்ச் என்னும் இருவர் எழுதிய மனிதத்தன்மையுள்ள பரிசோதனை முறைகள் பற்றிய நூல் அமைத்துக் கொடுத்தது. மாற்றீடு, குறைப்பு, செம்மையாக்கம் என்னும் மூன்று நெறிகளை அது முன்வைத்தது. விலங்குக்குப் பதிலாக வேறொன்றைப் பயன்படுத்துதல், இயலாதவிடத்து எண்ணிக்கையைக் குறைத்தல், அதுவும் இயலாதவிடத்துத் துன்பத்தைத் தணித்தல் என்பன அவற்றின் பொருளாம். மாற்றீடு என்பதை விளக்குகையில், உணர்வுள்ள முள்ளந்தண்டு விலங்குகளுக்குப் பதிலாக உணர்வற்ற பொருளைக் கொள்ளுதல் என அவர்கள் வரையறுத்தனர். எது உணர்வற்றது எனத் துணியும் பொறுப்பு அவ்வரையறையுடனேயே பின்வந்தோரின் தலையில் விழுந்தது.

1986 இல் இரு சட்டங்கள் இதற்கு விடைகூற முயன்றன. பிரித்தானியாவின் புதிய சட்டம் 1876 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி அதன் இடத்தைப் பெற்றது. முலையூட்டி, பறவை, ஊர்வன ஆகியவற்றின் கருக்கள் வளர்ச்சிக் காலத்திற் பாதி கழிந்தபின் காப்புக்கு உரியன என்றும், ஏனையவை தாமே உணவுண்ணும் ஆற்றலைப் பெற்ற நிலையிலிருந்து காப்புக்கு உரியன என்றும் அது விதித்தது. மீனும் தவளையும் இவ்விரண்டாம் வகைக்குள் அடங்கின. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பியச் சமூகம் பிறப்பித்த பணிப்புரையோ வேறொரு சொல்லைக் கையாண்டது. சுயேச்சையாக வாழும் குடம்பிகளை உள்ளடக்கி, முளையங்களை அது விலக்கிற்று.

இவ்விரு தொடர்களும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. முட்டையை விட்டு வெளியேறிய குடம்பி சுயேச்சையாக வாழ்கின்றது எனலாம். ஆயின் அது தன் வயிற்றோடு ஒட்டிய கருவூண்பையிலிருந்தே இன்னும் ஊட்டம் பெறுகின்றது, தானாக உண்பதில்லை. ஒரு தொடரின்படி அதனை விலங்கெனக் கொள்ள இடமுண்டு, மற்றையதன்படி இல்லை. இவ்வையப்பாடு ஏறக்குறைய கால் நூற்றாண்டு நிலைத்தது.

120 மணித்தியாலங்கள்

ஐரோப்பிய ஒன்றியம் 2010 இல் பிறப்பித்த புதிய பணிப்புரை இவ்வையத்தைத் தீர்த்தது. தாமே உணவுண்ணும் குடம்பிகள் என்னும் பிரித்தானியச் சட்டத்தின் கருத்தையே அதுவும் ஏற்றுக்கொண்டது. 2013 சனவரி முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னதாக, 2012 இல், ஆண்டறிக்கைகளில் விலங்குகளை எவ்வாறு எண்ணுவது என விளக்கும் தீர்மானமொன்றை ஐரோப்பிய ஆணைக்குழு வெளியிட்டது. ஏறத்தாழ 28 பாகை வெப்பநிலையில் உகந்த முறையில் வளர்க்கப்படும் சீப்ரா மீனைக் கருக்கட்டி 5 நாள்களின் பின்னர் எண்ணுதல் வேண்டும் என அத்தீர்மானம் கூறிற்று. ஒரு கோட்பாடு இவ்வாறு மணிக்கூட்டினால் அளக்கத்தக்க ஓர் எண்ணாயிற்று.

இவ்வெண் ஆதாரமற்றதன்று. இம்மீனின் வளர்ச்சிநிலைகளை 1995 இல் கிம்மலும் அவருடன் பணியாற்றியோரும் வரிசைப்படுத்தியிருந்தனர். 24 மணித்தியாலம் அளவில் இதயம் துடிக்கத் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள்களில் முட்டையிலிருந்து வெளியேறும். 72 மணித்தியாலத்தில் வாய் முன்னோக்கி நீளும். ஐந்தாம் நாள் அளவில் நீரில் நிலைத்து நின்று இரையைத் துரத்தும். ஆதலின் ஐந்து நாள் என்பது உண்ணும் ஆற்றலுக்குப் பொருந்திய அளவே. ஆயின், உண்ணும் ஆற்றல் துன்புறும் ஆற்றலுக்கு அளவாகுமா என்பது வேறு வினா.

வெப்பநிலை குறையின் வளர்ச்சி தாமதமாகும் என்பதும் நோக்கற்பாலது. மேலும், ஒரே விதி மீனினத்துக்கு மீனினம் வெவ்வேறு விளைவைத் தரும். குளிர்நீரில் வாழும் வானவில் ட்ரௌட் மீனின் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவந்த பின்னரும் கருவூண்பையைச் சுமந்தவாறு வாரக்கணக்கில் வாழ்கின்றது. அவ்வளவு காலமும் அது உண்ணும் நிலையை அடைவதில்லை. எனவே அவ்வளவு காலமும் அது சட்டத்துக்கு வெளியே நிற்கின்றது.

அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் எல்லை வேறிடத்தில் உள்ளது. அமெரிக்காவின் 1966 ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் மீன்களைத் தன் காப்பினுள் ஏற்கவில்லை. ஆனால் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவையின் நிதியுதவி பெறும் ஆய்வுகள் அச்சேவையின் கொள்கைக்குக் கட்டுப்பட்டவை. அக்கொள்கை உயிருள்ள எல்லா முள்ளந்தண்டு விலங்குகளையும் தழுவுகின்றது. முட்டையிலிருந்து வெளியேறியதும் மீன் அதற்கு உட்படும் எனப் பொருள்கொள்ளப்பட்டு, சீப்ரா மீனுக்கு அது மூன்றாம் நாளெனக் கொள்ளப்படுகின்றது. ஆகவே, நான்கு நாள் வயதான ஒரே குடம்பி ஒறிகனில் இந்நிதியுடன் நடக்கும் ஆய்வில் விலங்கு; ரூபிங்கனில் அவ்வாறன்று. குடம்பி மாறவில்லை, கடல் கடந்ததும் அதன் பெயர் மாறிவிடுகின்றது.

நோவு பற்றிய விவாதம்

சட்டங்கள் இவ்வாறு உருவாகிய காலத்திலேயே, மீனுக்கு நோவு உண்டா என்னும் விவாதமும் கூர்மையடைந்தது. மூளையின் புதுப்புறணி இல்லாத மீனுக்கு நோவை உணர்தல் இயலாது என அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் றோஸ் 2002 இல் வாதிட்டார். மறு ஆண்டு லின் ஸ்னெடன், விக்ரோரியா பிரெய்த்வெய்ற், மைக்கல் ஜென்ரில் ஆகியோர் எடின்பரோவுக்கு அண்மையில் நிகழ்த்திய ஆய்வின் பேற்றை வெளியிட்டனர். வானவில் ட்ரௌட் மீனின் முகத்தில் தீங்கை உணரும் நரம்பு வாங்கிகளை அவர்கள் இனங்கண்டனர். உதட்டில் அசற்றிக்கமிலமோ தேனீ நஞ்சோ ஏற்றப்பட்ட மீன்கள் விரைந்து மூச்சுவிட்டன. அமிலம் ஏற்றப்பட்டவை உதட்டைத் தொட்டியின் அடியிலுள்ள பரற்கற்களில் உரசின. உணவை மீண்டும் நாடுவதற்கு நெடுநேரம் எடுத்தன.

குடம்பிகளைப் பற்றிய சான்று பின்னரே கிடைத்தது. ஐந்து நாள் வயதுச் சீப்ரா மீன் குடம்பிகளை நீர்த்த அமிலத்தில் இட்டபோது அவற்றின் அசைவு குறைந்தது என்றும், நோவகற்றும் மருந்துகளை அந்நீரிற் சேர்த்தபோது அக்குறைவு தணிந்தது என்றும் ஸ்னெடனின் குழுவினர் 2017 இல் அறிவித்தனர். ஐந்து நாள் என்பது எல்லைக்கோட்டிலேயே நிற்கும் வயது என்பது கவனிக்கத்தக்கது. ஆகவே இவ்வாய்வு கோட்டின் மேற்புறம் நிற்பவற்றுக்குக் காப்புத் தேவை என்பதை வலியுறுத்துகின்றதேயன்றி, கோட்டின் கீழ்ப்புறம் எதுவுமில்லை என நிறுவவில்லை. நரம்புத் தொகுதி ஓர் இரவிற் பிறப்பதன்று. அது படிப்படியாக வளர்வது. சட்டமோ படிப்படியாகத் தொடங்க இயலாதது. சட்டத்துக்கு ஒரு நாள் வேண்டும். அந்நாளை அது வாயிலிருந்து பெற்றுக்கொண்டது. ஏனெனில் உண்பதைக் கண்ணாற் காணலாம், துன்பத்தைக் காணல் இயலாது.

எல்லையின் விளைவுகள்

எல்லையொன்று வரையப்பட்டதும் அது வெறும் விவரணமாக நிற்பதில்லை. மனிதர் அதற்கேற்பத் தம் செயல்களை ஒழுங்கு செய்துகொள்வர். மீன் குடம்பி விடயத்திலும் இதுவே நிகழ்ந்தது. நான்கு நாள்களில், அல்லது ஐந்தாம் நாள் நிறையுமுன், முடிந்துவிடும் பரிசோதனைகள் பெருகின. அவற்றின் முடிவிற் குடம்பிகள் கொல்லப்பட்டன. விலங்குகளின் கணக்கில் அவை சேரவில்லை.

இதனை முழுவதும் தந்திரமெனத் தள்ளிவிடுதல் நீதியாகாது. இதனால் விளைந்த நன்மை மெய்யானது. இரசாயனப் பொருள்களின் நச்சுத்தன்மையை அறிவதற்குப் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு வகுத்த பழைய முறையில், வளர்ந்த மீன்களும் குஞ்சுகளும் ஒவ்வொரு செறிவுக்கும் ஏழுக்குக் குறையாமல் 96 மணித்தியாலம் நஞ்சூட்டப்பட்ட நீரில் விடப்பட்டு, அவற்றுட் பாதியைக் கொல்லும் செறிவு கணிக்கப்படும். அதே அமைப்பு 2013 இல் ஏற்றுக்கொண்ட முறையில் அப்போதுதான் கருக்கட்டிய முட்டைகள், செறிவொன்றுக்கு 20 வீதம், அதே 96 மணித்தியாலம் சோதிக்கப்படுகின்றன. யேர்மனியிற் கழிவுநீரின் நச்சுத்தன்மையை அளப்பதற்கு மீன்களை இடும் வழக்கம் 2005 முதல் மீன்முட்டைச் சோதனைக்கு இடங்கொடுத்தது. நரம்பு வளர்ச்சி குன்றிய நிலையிலுள்ள உயிரைத் தெரிந்தெடுத்தல் றசல், பேர்ச் ஆகியோரின் நெறிக்கு இணங்கியதே.

சட்டத்தை ஆக்கியோரும் ஏமாறுவோர் அல்லர். காப்புக்குரிய நிலைக்கு முன்னரே பரிசோதனை நிகழ்ந்தாலும், அவ்வுயிரை அந்நிலையைக் கடந்து வாழவிட எண்ணினால், பின்னர் அது துன்புறக்கூடுமாயின் அப்பரிசோதனையும் சட்டத்துக்கு உட்படும் என 2010 ஆம் ஆண்டுப் பணிப்புரை விதித்தது. முட்டையில் ஊனத்தை உண்டாக்கி மீனிற் பயன் பெறுவோர்க்கு இதனால் வாயில் அடைக்கப்பட்டது.

ஆயினும் குறை ஒன்று எஞ்சியது. எண்ணப்படாதவை துன்புறாதவை என்னும் மயக்கம் எளிதில் உண்டாகும். கொல்லும் முறையை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த மீனைக் கொல்லும் மயக்கமருந்தின் மிகையளவும் பனிநீரும் குடம்பியை அதே நேரத்திற் கொல்வதில்லை. அமெரிக்க விலங்கு மருத்துவச் சங்கத்தின் 2013 ஆம் ஆண்டு வழிகாட்டி, வளர்ந்த சீப்ரா மீனின் செவுள்மூடி அசைவு நின்றபின் 10 நிமிடமும், நான்கு முதல் ஏழு நாள் வயதுக் குடம்பிக்கு 20 நிமிடமும் பனிநீரில் வைத்தல் வேண்டுமெனக் கூறிற்று. சிறிய உயிர் விரைவில் இறக்கும் என்பது மனிதனின் ஊகம். உண்மை அதற்கு மாறாக இருந்தது. எண்ணப்படாத வயதினவற்றை எவ்வாறு கொல்வது என்னும் வினாவைச் சட்டம் எழுப்பாதவிடத்து, ஆய்வாளனின் மனச்சாட்சியே அதனை எழுப்புதல் வேண்டும்.

முடிவுரை

இவ்வரலாறு காட்டும் பொதுவுண்மை ஒன்றுண்டு. எல்லை எக்காலத்தும் ஒரே இடத்தில் நின்றதில்லை. 1876 இல் முள்ளந்தண்டு இல்லாதவை யாவும் விலக்கப்பட்டன. 1993 இல் ஒக்டோபசு இனமொன்று பிரித்தானியச் சட்டத்தினுள் ஏற்கப்பட்டது. 2010 இல் ஐரோப்பிய ஒன்றியம் தலைக்காலிகள் எல்லாவற்றையும் ஏற்றது. 2008 இல் முன்வைக்கப்பட்ட வரைவில் இடம்பெற்ற நண்டும் இறாலும் 2010 இல் விடுபட்டன. கோடு ஒவ்வொரு முறையும் அறிவு வளர்ந்ததனாற் பெயர்ந்தது. அறிவுக்குக் குறைவாகவே பெயர்ந்தது. ஆதலின் இன்றைய கோட்டை இயற்கையின் கோடெனக் கொள்வோர் 1876 இல் வாழ்ந்தோரின் பிழையையே மீண்டும் இழைப்பவராவர்.

எனினும் கோடு வேண்டாம் என்பது இதன் முடிபன்று. கோடில்லாத சட்டம் எவரையும் கட்டுப்படுத்தாது; எவ்வுயிரையும் காக்காது. சட்டத்தின் கோடு தண்டனைக்குரிய எல்லை. பொறுப்பின் எல்லை அதுவன்று என்பதே நாம் கொள்ளத்தக்கது. 1900 ஆம் ஆண்டுச் சட்டமும் இந்நாட்டின் 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் மீனை நோக்கிய முறை இங்கு நினைவுக்கு வருகின்றது. அவை மீனின் முள்ளந்தண்டை வினவவில்லை. அது உண்ணுமா எனவும் வினவவில்லை. அது அடைபட்டிருக்கின்றதா என்றே வினவின. நோவு பற்றிய அறிவு நமக்குப் படிப்படியாகவே வந்துசேரும். ஆனால் ஓர் உயிரைக் கண்ணாடித் தட்டில் அடைத்து வைத்திருப்பது நாமே என்பதை அறிய எந்த ஆய்வும் வேண்டியதில்லை. நான்காம் நாளில் நுணுக்குக்காட்டியின்கீழ் கிடக்கும் குடம்பிக்கு எவ்வளவு கடமைப்பட்டுள்ளோம் என்பது விவாதத்துக்கு உரியது. கடமைப்பட்டுள்ளோமா என்பது விவாதத்துக்கு உரியதன்று.